குருதிவாசலுக்கு ஏழு மதிப்பெண்

'குருதிவாசல்' விளையாட்டை ஆடி முடிக்க அறுபத்திரண்டு மணி நேரம் ஆகும். அவள் பதினான்கு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

இது பொய்யில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. பொய்யைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால்தான் எடுபடும். அவளுக்குச் சத்தமே வராது. பத்திரிகை அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'சைலன்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அறிவியல் பக்கம் எழுதுகிறவள். கொசு ஏன் சிலரை மட்டும் கடிக்கிறது, குளிர்பெட்டி ஏன் உறுமுகிறது என்று எழுதிக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் ஜன்னலோரம் இருந்தாள்.

விளையாட்டுகளுக்கு மதிப்பெண் போடுவது வேறொருவர் வேலை. அவர் போன மாதம் ஒரு கார்ப் பந்தய விளையாட்டுக்கு எட்டு கொடுத்தார். எட்டரை கொடுத்திருக்க வேண்டும் என்று கருதிய வாசகர்கள் நான்கு பேர் அவரை வாகனம் நிறுத்துமிடத்தில் சந்தித்துக் கருத்துத் தெரிவித்தார்கள். இப்போது தாடையில் கம்பி கட்டியிருக்கிறது. உறிஞ்சுகுழாயில்தான் எல்லாம் உள்ளே போகிறது.

"நீ பி.எஸ்ஸி. ஆச்சேம்மா" என்றார் ஆசிரியர். "கேம், கம்ப்யூட்டர், எல்லாம் சயின்ஸ்தானே. இந்த ஒரு தடவ மட்டும் எழுதிக் குடுத்துடு."

அவள் ஏதோ சொன்னாள். ஆசிரியர் காதில் விழவில்லை. விழாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

பெட்டியின்மேல் ஒரு வெட்டுண்ட தலை சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, 'ஒன்பது வாசல். நாலாயிரம் கழுத்து. இரக்கத்துக்கு இடமில்லை.' ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு அவள் ஆட உட்கார்ந்தாள். பதினான்கு நிமிடம் கழித்து எழுந்தாள். சாயங்காலம் மூன்று வாக்கியம் எழுதி அனுப்பினாள்.

'குருதிவாசல் பார்க்க அழகாக இருக்கிறது. கதை ரொம்பச் சின்னது, ஆனால் மனதில் நிற்கிறது. ஏழு.'

மற்ற விமர்சகர்கள் எல்லோரும் பத்து கொடுத்திருந்தார்கள். துணிச்சல்காரர்கள் சிலர் ஒன்பதரை கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மதிப்புரை வெளியான அரைமணி நேரத்தில் அண்ணனிடமிருந்து தொலைபேசி வந்தது.

"ஏய், இன்னைக்கு ஜன்னல் பக்கம் உக்காராத."

"ஏண்ணா?"

"உங்க ஆபீஸ்ல எவனோ ஒரு பரதேசி ஏழு குடுத்திருக்கான். சங்கத்துலேர்ந்து கிளம்பி வர்றோம்."

"அண்ணா, அது நான்தான்."

அந்தப் பக்கம் பின்னால் யாரோ கல்லைச் சாக்கில் கொட்டும் சத்தம் கேட்டது.

"நீயா?"

"ம்."

"சரி. பின்பக்கம் பாத்ரூம் இருக்குல்ல, அங்க போய் உக்காந்துக்கோ. அது வரைக்கும் எங்க ஆளுங்க கல்லு வராது."

அண்ணன் ரசிகர் சங்கத்தின் செயலாளர். செயலாளர் வராமல் கல்லெறிதல் நடக்காது. வந்தான், எறிந்தான். இடது கையாலும் குறி தவறாதவன். ஆனால் அன்று அவன் எறிந்த கல் மட்டும் எதிர்ப்புறம் இருந்த மூக்குக் கண்ணாடிக் கடையின் பெயர்ப்பலகையில் போய் விழுந்தது. மற்றவர்கள் எறிந்தவை சரியாகவே விழுந்தன. அச்சுப்பிழை பார்க்கிறவருக்கு ஒரு விரல் போயிற்று. ஆசிரியருக்கு நெற்றி பிளந்தது.

"சின்னதுன்னு ஏம்மா எழுதின?" என்று, ரத்தம் மூக்கு வழியாக மேசையில் சொட்டச் சொட்ட ஆசிரியர் கேட்டார். "அறுபத்திரண்டு மணி நேரக் கதைம்மா அது. நீ எவ்வளவு நேரம் ஆடினேன்னு அந்தக் கம்பெனிக்காரன் கணக்கு வச்சிருக்கான். பதினாலு நிமிஷமாம். ஊருக்கே சொல்லிட்டான். நாளைக்கு மதிப்பெண் மாமன்றத்துல உன்ன விசாரிக்கிறாங்க. உன் எழுத்து உரிமத்தப் புடுங்கிட்டாங்கன்னா, கேம் பக்கம் மட்டும் இல்ல, கொசுவப் பத்திக்கூட உன்ன எழுதவிடக் கூடாதாம். எனக்கு வேற வழியில்ல. உரிமம் இல்லாதவங்களுக்கு இங்க நாற்காலி இல்ல."

"நான் முடிச்சேன் சார்" என்றாள் அவள்.

"என்ன?"

"முடிச்சேன்."

"கேக்கலம்மா. காதுல வேற ரத்தம்."

*

அவள் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சமையலறையில் பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது ஊறிக்கொண்டிருந்தது. அடிப்பாகம் கரியாக ஒட்டியிருந்தது.

"பாலக் காய்ச்சினியா, தாரக் காய்ச்சினியா?" என்றான். இடது கையால் தேய்த்தான். வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு. கட்டைவிரல் மூட்டில் அறுவை நடந்து ஆறாவது நாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று மாதமாக இந்த ஊர் லிஃப்டுகள் அவனில்லாமல்தான் ஏறி இறங்கின. வேலையிடத்தில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய் லிஃப்டு' என்பதே அவனுக்கு வாய்த்த மரியாதை. ஆனால் 'குருதிவாசல்' வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. எட்டு வாசலைத் தாண்டி, இந்த வட்டாரத்திலேயே அதிகக் கழுத்தை அறுத்தவன் அவன்தான். தெருவில் இறங்கினால் வாலிபர்கள் எழுந்து நின்று "கழுத்தறுப்பு அண்ணே, வணக்கம்" என்றார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக அவன் நிமிர்ந்து நடந்தான். கண் இரண்டும் செங்கல் நிறத்தில் இருந்ததால் எதிரே வருவது யாரென்று தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

எப்படி முடித்தாள் என்பதை அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லத்தான் வந்தாள். அவன் அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து கட்டோடு படியேறி வந்திருந்தான்.

"அண்ணா, அந்த முதல் வாசல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"முதல் வாசலா!" என்று அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "இந்த விரலு போனதே அங்கதான்டி. மலை மாதிரி நிப்பான் அந்தக் காவக்காரன். வாளத் தூக்கினான்னா மின்னல்தான். விட்டேனா? விடிய விடிய செத்தேன், எந்திரிச்சேன், செத்தேன். கடைசில வெட்டிட்டேன்ல? இந்த ஊர்ல மொத ஆளு நான்தான்."

அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் கடைசியாகப் பார்த்தது, அவனுக்கு முதல் வேலை கிடைத்த அன்று. வந்த வார்த்தையை அவள் விழுங்கிவிட்டாள். விழுங்குவது அவளுக்குப் பழக்கம்தான்.

இப்போது அவன் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"நான் சொல்றதக் கேளு. நாளைக்கு மாமன்றத்துல, 'நான் ஆடவே இல்ல, பெட்டிமேல இருந்த படத்தப் பாத்து எழுதினேன்'னு சொல்லிடு. விட்டுடுவாங்க. ஆடாம மார்க் போடறது அங்க குத்தமே இல்ல. கம்மியா போடறதுதான் குத்தம்."

"ஆடினேனே அண்ணா."

"பதினாலு நிமிஷம்."

"ம்."

"அதுக்குள்ள முடிச்சும் முடிச்ச?"

"ம்."

"எத்தன பேர வெட்டின?"

அவள் கவிழ்த்த பாத்திரத்தைப் பார்த்தாள். "எண்ணலண்ணா."

அண்ணன் பின்னால் சாய்ந்தான். நாலாயிரம் கழுத்தைப் பதினாலு நிமிடத்தால் மனசுக்குள் வகுத்தான். வகுக்க வகுக்க அவன் வாய் திறந்துகொண்டே போனது. சின்ன வயதில் கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறிக்கொள்கிற தங்கை. ஊமைக் குசும்பு என்று கேள்விப்பட்டிருக்கிறான். ஊமைக் கொலைவெறியை இப்போதுதான் பார்க்கிறான்.

"சொல்லவே இல்ல பாத்தியா" என்றான், மரியாதையோடு.

அன்று காய் நறுக்கும் கத்தியை அவன் அவளிடம் கொடுக்கவில்லை. தானே நறுக்கினான்.

*

மதிப்பெண் மாமன்றம், விளையாட்டு ரசிகர்களுக்குள் எழும் கருத்து வேறுபாடுகளை அமைதியாகத் தீர்ப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது. அது ஏற்படுவதற்கு முன்பு தெருவில் அடித்துக்கொண்டார்கள். இப்போது உள்ளே வைத்து அடித்துக்கொள்கிறார்கள். மழைக்கு நனைவதில்லை.

வாசலில் கத்திகளை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். விளையாடும் கன்ட்ரோலரை மட்டும் வாங்கவில்லை; அது வாதக் கருவி. நல்ல நீளமான கம்பியுள்ள கன்ட்ரோலராகப் பார்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். கம்பியை எதிராளியின் கழுத்தில் சுற்றி இறுக்கினால் அதற்குக் 'குறுக்கு விசாரணை' என்று பெயர்.

மேடைக்குப் பின்னால் மாமன்றத்தின் குறிக்கோள் பெரிய எழுத்தில் இருந்தது: 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்.' அதன் கீழே ஒரு பித்தளைக் கோல். அதில் இருந்த நசுங்கல்களை யாரும் தட்டிச் சரிசெய்யவில்லை, அவை மரபு. மூலையில் மருத்துவ உதவியாளர் ஒருவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அவரைத் 'தையல்காரர்' என்பார்கள். ஒரு விவாதத்தின் தரம் எத்தனை தையல் என்பதை வைத்தே கணக்கிடப்பட்டது.

இடப்பக்கம் பத்துக்காரர்கள். வலப்பக்கம் ஒன்பதரைக்காரர்கள். அண்ணன் பத்துக்காரர்களின் முதல் வரிசையில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் அவர்கள் தலைவன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன், ஆளும் லாரி மாதிரியே இருந்ததால் 'டேங்கர்'. அவள் நடுவில், தனியாக, ஒரு நாற்காலியில். அந்த நாற்காலிக்கு மூன்று கால்தான் இருந்தது. நாலாவது கால் போன அமர்வில் வாதமாகப் பயன்பட்டுவிட்டது.

மாமன்றத் தலைவர் எழுந்தார். வெள்ளை உடை, வெள்ளை மீசை.

"அன்பர்களே! விவாதம் என்பது மனித நாகரிகத்தின் உச்சி. மிருகங்கள் எடுத்த எடுப்பில் கடித்துக்கொள்கின்றன. நாம் அப்படியில்லை. முதலில் தலைப்பை அறிவிக்கிறோம்." கைதட்டல். "சென்ற அமர்வில் நாற்பத்தொரு தையல். இன்று அதைத் தாண்டுவோம் என்று நம்புகிறேன். நான் வன்முறையைத் தூண்டுவதாக யாரும் எண்ண வேண்டாம். நான் தரத்தைத் தூண்டுகிறேன். இன்னொன்று. நான் எந்த விளையாட்டையும் ஆடியதில்லை. ஆடினால் பிடித்துவிடும், பிடித்துவிட்டால் நடுநிலை போய்விடும். ஒருமுறை தெரியாத்தனமாக மகன் ஆடுவதை எட்டிப் பார்த்துவிட்டேன். மனசாட்சி உறுத்தி ஒரு வாரம் விடுப்பில் போனேன்."

முதல் சாட்சி மூத்த விமர்சகர். முப்பது வருடமாக மதிப்பெண் போடுகிறவர்.

"குருதிவாசலுக்கு நீங்கள் எப்படிப் பத்து கொடுத்தீர்கள் என்று சபைக்கு விளக்க முடியுமா?"

"பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். பத்து."

"திறந்து பார்த்தீர்களா?"

"அனுபவம் இல்லாதவர்கள் திறப்பார்கள்."

"கடைசிக் காட்சியில் கண்ணீர் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள்."

"பார்த்திருந்தால் நிச்சயம் விட்டிருப்பேன். வாசகர்களுக்கு அந்த உறுதியை அளிக்க நான் கடமைப்பட்டவன்."

சபை எழுந்து நின்று கைதட்டியது. இதைவிட நேர்மையான சாட்சியைக் கேட்டதில்லை என்று தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து, ஒன்பதரைக்காரர்கள் சார்பில் ஒருவன் எழுந்தான். ஒல்லி, கண்ணாடி. எதிலும் அரை குறைப்பவன் என்பதால் அவன் பெயரே 'அரை'. "ஐயா, ஏழு குடுத்தவங்களத் தண்டிக்கணும்கிறதுல எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்ல. ஆனா பத்தும் தப்புதான். கழுத்த வெட்டினா ரத்தம் வர்றதுக்கு அர நொடி லேட்டாகுது. அதுக்குத்தான் அர மார்க் கொறச்சோம்."

"பெரிய கழுத்துன்னா லேட்டாதான்டா வரும்" என்றான் டேங்கர், உட்கார்ந்தபடியே.

"எந்தக் கழுத்துல லேட்டா வருது? காட்டேன் பாப்போம்."

அது கேட்டிருக்கக் கூடாத கேள்வி. டேங்கர் எழுந்து போய் அரையின் காதைக் கடித்து எடுத்துவிட்டான். ரத்தம் உடனே வந்தது. துளிக்கூடத் தாமதமில்லை. ஒன்பதரைக்காரர்கள் ஆரவாரமாகக் கைதட்டினார்கள்; அவர்கள் வாதம் நிரூபணமாகிவிட்டதே. கைதட்டியதைப் பொறுக்காமல் பத்துக்காரர்கள் பாய்ந்தார்கள். ஒருவன் கழுத்துப்பட்டை எலும்பு உடைந்த சத்தம், காய்ந்த சுள்ளியை முறித்ததுபோலக் கேட்டது. யாருடைய பல்லோ அவள் காலடிக்கு உருண்டு வந்து நின்றது. அவள் காலை மேலே தூக்கிக்கொண்டாள். மூன்றுகால் நாற்காலி ஆடியது.

"பன்னெண்டு!" என்று தையல்காரர் மூலையிலிருந்து குரல் கொடுத்தார். "காது எங்கயாவது கிடந்தா எடுத்துக் குடுங்க, சூடா இருந்தாதான் ஒட்டும்."

"நல்ல தொடக்கம்" என்றார் தலைவர். "இனி குற்றம் சாட்டப்பட்டவரை விசாரிப்போம்."

பதிவாளர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவள் மெல்லப் பேசுவதால், அவள் சொல்வதைச் சபைக்கு உரக்கச் சொல்லும் பொறுப்பு அவருக்கு.

"நீங்கள் இந்த விளையாட்டைச் சின்னது என்று எழுதினீர்களா?"

"சின்னதாதான் சார் இருந்துச்சு. நல்லாவும் இருந்துச்சு."

"விளையாட்டைச் சிறுமைப்படுத்தியதாக ஒப்புக்கொள்கிறார்!" என்று பதிவாளர் முழங்கினார்.

"நான் அப்படிச் சொல்லல சார்."

"அதில் அவருக்கு வருத்தமும் இல்லையாம்!"

ஒரு கன்ட்ரோலர் பறந்து வந்தது. அவள் குனிந்தாள். பதிவாளர் குனியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் காற்றுக் கலந்த குரலில் அவர் பணியைத் தொடர்ந்தார்.

"பதினான்கு நிமிடத்தில் முடித்ததாகச் சொல்கிறீர்கள்" என்றார் தலைவர். "அப்படியானால் கடைசிக் காட்சியைச் சொல்லுங்கள்."

கூட்டம் அடங்கியது. அறுபத்திரண்டு மணி நேரம் ஆடி முடித்த வெளியூர்க்காரர்கள் ஐந்தாறு பேர் அங்கே இருந்தார்கள். அரசன் தலை படியில் உருள்வதும், எலும்புகளால் ஆன அரியணையில் ஆடுகிறவன் அமர்வதும்தான் முடிவு என்று அவர்களுக்குத் தெரியும்.

"ஒரு அறை" என்றாள் அவள். "ஜன்னல் இருக்கு. வெயில் விழுது. கிழவர் ஒருத்தர் உக்காந்திருக்கார். நமக்கு ஒரு குவளைல தண்ணி குடுக்கிறார். அவ்வளவுதான்."

பதிவாளருக்கே இதை எப்படித் திரித்துச் சொல்வது என்று தெரியவில்லை. அப்படியே சொன்னார்.

மண்டபம் அதிர்ந்தது.

"தண்ணியா! குருதிவாசல்ல தண்ணியா!"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறா!"

பின்வரிசையில் யாரோ ஒருவர், "அந்த மெஷின இங்க வச்சு ஆடிக் காட்டச் சொன்னா தெரிஞ்சுடுமே" என்றார்.

தலைவர் மணியை ஓங்கி அடித்தார். "மாமன்றத்துக்குள் விளையாட்டு ஆடுவது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது! விவாதத்துக்கு இடையூறாக இருக்கும்." யோசனை சொன்னவரைப் பக்கத்தில் இருந்தவர்கள் மிதித்தார்கள். "பத்தொம்போது" என்றார் தையல்காரர்.

"தீர்ப்பு" என்றார் தலைவர். "ஆடாமல் பத்து கொடுப்பது அனுபவம். ஆடாமல் ஏழு கொடுப்பது மோசடி. இவரது உரிமம் ரத்து. இனி இவர் எதைப் பற்றியும், எதற்கும், எந்த மதிப்பும் சொல்லக் கூடாது. அடுத்ததாக, மரபுப்படி, வாசகர்கள் இவரை நேரில் சந்தித்துக் கருத்துத் தெரிவிக்கலாம்."

வாகனம் நிறுத்துமிடத்தில் நடந்த சந்திப்பு அவள் நினைவுக்கு வந்தது. உறிஞ்சுகுழாய் நினைவுக்கு வந்தது. இரண்டு பக்கத்தாரும் எழுந்து அவளை நோக்கி வந்தார்கள். பத்துக்கும் ஒன்பதரைக்கும் நடுவே அன்றுதான் முதன்முறையாக ஒற்றுமை ஏற்பட்டது. முன்னால் வந்தவன் கையில் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான்.

அவன் அவளை எட்டும் முன்பே பக்கவாட்டிலிருந்து ஒரு நாற்காலி அவன் முகத்தில் இறங்கியது.

"என் தங்கச்சி மேல கைய வச்ச, கொன்னுடுவேன்" என்றான் அண்ணன்.

"கழுத்தறுப்பு அண்ணே, என்னது? ஏழு குடுத்தவ உங்க தங்கச்சியா?" என்றான் டேங்கர். குரலில் நிஜமாகவே வேதனை.

"ஆமாடா. கூடப்பிறந்தவ."

"சங்கத்துக்குத் துரோகம் பண்ணிட்டீங்களேண்ணே."

அதன்பிறகு மரியாதை இல்லை. அண்ணன் ஒற்றைக் கையால் நால்வரைச் சாய்த்தான். ஒருவனுக்கு மூக்குத் தண்டு உள்ளே போயிற்று. இன்னொருவன் முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. ஆனால் திரையில் நாலாயிரம் பேர் வரிசையாக வருவார்கள். இங்கே ஒரேயடியாக வந்தார்கள். வயிற்றில் விழுந்த உதையில் அவன் மடிந்தான். கட்டுப்போட்ட கையை ஒருவன் மிதித்துத் திருகினான். அண்ணன் அலறியது அவள் கேட்டறியாத குரலில் இருந்தது. கட்டுத் துணி சிவந்து, தையல் பிரிந்து, சதை வெளியே தெரிந்தது.

"அது நம்ம தையல் இல்ல, ஆஸ்பத்திரித் தையல்" என்றார் தையல்காரர். "கணக்குல சேராது."

"மன்றத்துக்குள் பிரிந்தால் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார் தலைவர்.

அவள் எழுந்தாள். "விடுங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

நான்கு பேர் அண்ணனைத் தூக்கி மேடை மேசையில் குப்புறப் போட்டார்கள். அவனது நல்ல கையை, இடது கையை, மேசையின்மேல் விரித்துப் பிடித்தார்கள். டேங்கர் சுவரிலிருந்த பித்தளைக் கோலைக் கழற்றினான். கையில் எடைபார்த்தான்.

"அண்ணே, கடைசியா ஒரு வாய்ப்பு. 'என் தங்கச்சி பொய்க்காரி, அவ ஆடவே இல்ல'ன்னு சொல்லிடுங்க. சொன்னா இந்தக் கட்டைவிரலாவது மிஞ்சும். லிஃப்டுக்காவது ஸ்க்ரூ முடுக்கலாம்."

"மேசைமீது இருப்பவர் விளக்கம் அளிக்கப் போகிறார்" என்று தலைவர் மணி அடித்தார். "யாரும் குறுக்கிட வேண்டாம்."

அண்ணனின் கன்னம் மேசையோடு அழுந்தியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. அந்தச் செங்கல் நிறக் கண்கள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தன. அவன் சிரித்தான். அதே வெளிச்சம்.

"என் தங்கச்சிக்குப் பொய் சொல்ல வராதுடா" என்றான், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "பதினாலு நிமிஷம்னா பதினாலு நிமிஷம்தான். நீங்கள்லாம் அறுபது மணி நேரம் வெட்டினத அவ பால் காயறதுக்குள்ள வெட்டிட்டா. நாலாயிரம் கழுத்து. எண்ணக்கூட இல்ல. நானெல்லாம் அவ கால்தூசிக்கு ஆவேனா? வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு. என் விரலு மேல சத்தியம். அடிடா."

டேங்கர் கோலைத் தலைக்குமேல் தூக்கினான்.

"அண்ணா!"

மண்டபம் திரும்பியது. தலைவர் மணியைக் கீழே வைத்தார். பதிவாளர் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது அவர் குரல் இல்லை. அவ்வளவு பெரிய சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. டேங்கரின் கை அந்தரத்தில் நின்றது.

"நான் யாரையும் வெட்டலண்ணா" என்றாள் அவள். "ஒருத்தரக்கூட வெட்டல. அந்த முதல் வாசல் காவக்காரன் வாளத் தூக்கிட்டு வந்தான். அப்பப் பாத்துப் பால் பொங்கிருச்சு. எந்த பட்டனத் தட்டினா ஆட்டம் நிக்கும்னு எனக்குத் தெரியல. அப்படியே கீழ வச்சிட்டு அடுப்புக்கு ஓடிட்டேன். பாத்திரம் தீஞ்சு, அத எறக்கி, தொடச்சிட்டு வந்து பாத்தா, அவன் வாளக் கீழ போட்டுட்டு ஓரமா உக்காந்திருந்தான். உள்ள போன்னு கையக் காட்டினான். ஒன்பது வாசல்லயும் அப்படித்தான். நான் சும்மா நின்னேன், அவங்களும் சும்மா நின்னாங்க. அந்தக் கதவு எதுக்குமே பூட்டு இல்லண்ணா."